நான்கு கட்டங்களில் ஒரு மாடி

கதை எழுதிப் பழகாத கை இது. பெரியோர் வாசிக்கும் ஏட்டில் இடம் கேட்கத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். குறை இருந்தால் அது என் எழுத்தைச் சேர்ந்தது, சிலுவைராஜைச் சேர்ந்ததன்று.

1981. எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். நகரத்தின் எந்தக் கூரைகளில் வெயிலைக் கொண்டே வெந்நீர் காய்ச்சலாம் என்று கணினியில் வரைபடம் தயாரிக்க ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. முதல் முறை, தகுந்த கூரைகள் அதிகமுள்ள ஒரே ஒரு வட்டாரத்துக்குத்தான் வெந்நீர்க் கருவிகள் கிடைக்கும். குழுவின் நில அளவையாளரான சிலுவைராஜுக்குச் சிராங்கூன் சாலை, ஜாலான் புசார் வட்டாரம் பங்காக வந்தது.

ஜாலான் புசாரில் அவருடைய அக்கா ஜோசபின் பத்து அறை விடுதி நடத்திவந்தார். தினமும் விடியற்காலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் நீர் காய்ச்சி, வாளி வாளியாகப் படியேற்றுவார். முந்தைய ஆண்டு வழுக்கி விழுந்ததில் இடது கால் வெந்துபோயிருந்தது.

"ஏன் தம்பி, வெயிலை அளக்கக்கூடவா சம்பளம் குடுக்குறாங்க?"

"சிரிங்க அக்கா. உங்க மாடியிலதான் முதல்ல வைக்கப்போறோம்."

"அப்ப இந்த வாளியை உன் ஆபீசுக்கே அனுப்பிடுறேன்லா!"

சிலுவைராஜ் நான்கு மாதம் நடந்தார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படிவம். கூரையின் வகையை ஆங்கில எழுத்தில் எழுத அதில் நான்கே கட்டங்கள். ஓட்டுக்கு 'டைல்', தகரத்துக்கு 'ஜிங்க்'. மொட்டைமாடிக்கு 'ஃபிளாட்' என்று எழுதலாம்தான்; ஆனால் அதை அரசாங்க அடுக்குமாடி வீடு என்று எடுத்துக்கொள்வார்களோ என்று அவருக்குத் தயக்கம். ஆகவே, 'மாடி' என்றே எழுதினார்: எம், ஏ, டீ (T), ஐ. கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கச்சிதமாக அமைந்ததில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

வரைபடம் அச்சாகி வந்தது. கருவி வைக்கத் தகுந்த மொட்டைமாடிகள் உள்ள இடம் கறுப்பாக இருக்கவேண்டும். வேறொருவர் அளந்த ஜூரோங் வட்டாரம் கறுத்திருந்தது. சிராங்கூன் சாலையும் ஜாலான் புசாரும் வெள்ளைவெளேரென்று கிடந்தன.

படிவங்களைக் கணினி அட்டைகளில் துளையிட்டவள் மைமூன். தாய் மலாய்க்காரர், தந்தை வழியில் தமிழும் பேசுவாள்.

"நீங்கதானே அண்ணே அந்த நாலு கட்டத்துல 'மாத்தி'ன்னு எழுதினீங்க? மலாய்ல செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்த கட்டடத்துக்கு எதுக்கு வெயிலுன்னு சைபர் போட்டேன்."

"அறுபத்திரண்டு கட்டடமுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"தெருத்தெருவா இடிக்கிறாங்க, என்னத்தைக் கேட்க? ஐயோ, இத்தனை வீடும் போகுதேன்னுதான் நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "என் வேலை போயிடுமா அண்ணே?"

சிலுவைராஜ் நேரே குழுத்தலைவர் தனசேகரனின் அறைக்குப் போனார்.

"தப்பு என்னுடையது சார். நான் எழுதின சொல்தான் தப்பு. திருத்தித் திரும்ப அச்சடிச்சா..."

"மேப்ல கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு சிலுவை. சாமானும் ஜூரோங்குக்குப் போயாச்சு. அடுத்த ரவுண்டுல பார்க்கலாம்லா."

மைமூனின் பெயர் அந்த அறையில் எழவில்லை.

மாலையில் விடுதிக்குச் சென்று அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். ஜோசபின் வாளியைக் கீழே வைத்தார்.

"என் மாடி செத்துப்போச்சா? காலையிலகூட அங்கதானடா துணி காயப்போட்டேன்!"

சிரிக்கத்தான் செய்தார். பிறகு வாளியை எடுக்கக் குனிந்தார். சிலுவைராஜ் அதைத் தாம் வாங்கிக்கொண்டு படியேறினார்.

அடுத்த சுற்று வரவில்லை. சில ஆண்டுகளில் எண்ணெய் விலை இறங்கியது, குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

இழந்தவை: வெயில் நன்றாக விழும் அறுபத்திரண்டு மொட்டைமாடிகள். நான்கு மாத நடை. ஒரு தம்பி தன் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. அதன்பின் ஜோசபின் சுமந்த வாளிகளை எவரும் எண்ணவில்லை.