மூடி சாத்தும் சத்தம்

மெக்கானிக் வந்தபோது மணி பதினொன்று. வாஷிங் மெஷினுக்குள் நான்கு வெள்ளைச் சீருடைகளும் இரண்டு புடவைகளும் ஒரு போர்வையும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு சொட்டச் சொட்டக் கிடந்தன. துவைப்பது ஒழுங்காகத் துவைக்கிறது, அழுக்குத் தண்ணீரும் இறங்கிவிடுகிறது. பிழிய வேண்டிய நேரம் வந்தால் மட்டும் மூன்று முறை கத்திவிட்டு நின்றுவிடுகிறது என்று கணவன் விவரம் சொன்னான். மெதுவாகவே பார்க்கலாம், அவசரம் ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

மெக்கானிக் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அரை மணிக்குள் வந்தாக வேண்டும் என்று இந்த வீட்டிலிருந்துதான் ஒரு பெண் போனில் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண், அவன் மனைவி, கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து, இன்னும் படுக்கவில்லை. நர்ஸ்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் வந்து சேராவிட்டால் வரிசையில் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துணி காய்ந்தால் நாலரை மணி பஸ். கல்யாணமாகி ஐந்தாவது மாதம். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பகலில் தூங்க முடியாத வீட்டில் இருந்துகொண்டு இரவில் ஊசி போட முடியாது, அவ்வளவுதான் என்றாள். அவன் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அதைத் தவிர என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் போர்வையைத் தனியே எடுத்து, மற்ற துணிகளைச் சுற்றிலும் பரப்பிவிட்டு ஓட்டிப் பார்த்தார். மெஷின் கத்தி நின்றது. தண்ணீர் போகும் குழாயை ஊதிப் பார்த்தார். மெஷினைச் சாய்த்து, அடியில் பெல்ட்டை விரலால் சுண்டினார். எல்லாம் புதுசு போல இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்று யோசித்தார். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தொட்டி ஒரு தடவை தயங்கி, அப்புறம் சுற்றத் தொடங்கியது. கையை எடுத்தார். நின்றது.

மூடியைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் நான்கு மூலையிலும் நான்கு கம்பளி வட்டங்கள். நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுவார்களே, அது.

"மூடி முழுசா படிஞ்சாதான் சார் இது சுத்தும். கை கிய் மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். யாரு சார் இதுக்கு செருப்பு தச்சுப் போட்டது?"

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவன் அப்பா இவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அவர் அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். அங்கேயே காதையும் விட்டுவிட்டு வந்தவர். கேள்வியை இரண்டாம் முறை கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"நான்தான் தம்பி ஒட்டினேன். நேத்துதான். மூடிய சாத்துற ஒவ்வொரு தடவையும் என் கட்டில் வரைக்கும் அதிருது. சத்தத்துல தூக்கம் வரலேன்னு மருமக விடுதிக்குப் போகுதாம். பெத்த பொண்ணு மாதிரி இருக்குற புள்ள. அதான்."

காதுக்குப் பதில் உள்ளங்காலால் கேட்டே பழகியவர் அவர். வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மூடியாகத்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் டிவி, தெருமுனை வரை கேட்கும்படி செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மாமா, மூடி சத்தம் எனக்குக் கேட்டதே இல்ல. இந்த டிவி சத்தந்தான். மூணு மாசமா இவர் உங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தானே இருக்கார்? நீங்கதான் கேக்க மாட்டேங்குறீங்கன்னார்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையேம்மா."

மெக்கானிக் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய திருகாணியை மறுபடி இறுக்கினார்.

கணவன் மூன்று முறை சொல்லத்தான் போனான். உங்களுக்குக் காது போய்விட்டது என்பதை எந்த வார்த்தையால் தொடங்குவது என்று தெரியாமல், மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினான். இவளிடம் வந்து, சொல்லிவிட்டேன் என்றான். அவன் சொன்னதை நம்பி அவள் மூன்று மாதம் அந்த மனிதரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

மெக்கானிக் வட்டங்களைப் பிய்த்தெடுத்தார். துணி பிழிந்து முடிந்தது. அவளே மாடிக்குக் கொண்டுபோய் உதறி உதறிக் காயப்போட்டாள். அவன் கூடப் போனான். கிளிப்பை நீட்டினால் வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிச் சீருடையையும் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"நான் படுக்கிறேன். நாலு மணிக்கு எழுப்பி விடுங்க. இதையாவது செய்வீங்களா?"

கிளிப் டப்பாவோடு அவன் பின்னால் இறங்கி வந்தபோது, அவள் அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்து அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அப்பா டிவிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே முக்காலுக்கு அவன் துணியை எடுத்து வந்து மடித்தான். எல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தன. அறைக் கதவை அரை அடி திறந்து பார்த்தான். வாயை லேசாகத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை.

அப்பா அவன் கையைப் பிடித்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "தூங்கட்டும் விடுறா. பஸ் போயிட்டா போயிடட்டும்," என்றார்.

அவனுக்கும் அதைவிடச் சுலபமான வழி தோன்றவில்லை. எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும். அவனுக்குக் கைவந்த வேலை அது. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

நாலு மணிக்கு உள்ளே போய் அவள் தோளைத் தொட்டான்.

"நாலாச்சு."

"துணி?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"காஞ்சிடுச்சு. மடிச்சும் வச்சிட்டேன். இப்ப எழுந்தா பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சுவரிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தாள். சரியாக நாலு. எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த போனை எடுங்க," என்றாள். "கட்டில அடுத்த ஆளுக்குக் குடுத்துடச் சொல்லணும். நானே பேசிக்கிறேன். உங்ககிட்ட விட்டா வார்டன்கிட்ட மழையைப் பத்திப் பேசிட்டு வந்துடுவீங்க."

மழை விஷயத்தை அப்பா எப்போது சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. போனை எடுத்துக் கொடுத்தான்.