தலைகீழ் முக்கோணம்

என் அக்கா தோவாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் மூன்று வருஷமாகத் தெருவுக்கு நிம்மதி. அவளுடைய கோபம் முழுவதும் ஒரே ஒரு ஆளுக்கு என்று ஆகிவிட்டது. சாங் என்கிற லாரிக்காரன். அக்காவின் ஒரே மகன் கியெட், பத்தொன்பது வயசுப் பையன், கால்வாய்ப் பாலத்து முக்கில் பைக்கில் போகும்போது சாங்கின் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அன்றிலிருந்து சாங்கைத் திட்டாமல் அவள் ஒரு வேளைச் சோறு தின்றதில்லை. நானும் புருஷனை விட்டு வந்து அவளோடுதான் இருக்கிறேன். என் காதுக்கும் அந்தத் திட்டு முழுக்கப் பழகிவிட்டது.

எங்கள் ஊரான சா டெக் பக்கத்தில் வண்டிகள் மோதிக்கொண்டால் யார்மேல் தப்பு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பெரிய வண்டிக்காரன் சின்ன வண்டிக்காரனுக்கு ஈடு செய்யவேண்டும். பைக் சைக்கிளில் மோதினால் பைக்குக்காரன். லாரி பைக்கில் மோதினால் லாரிக்காரன். அதற்கு மேல் விசாரணை கிடையாது. சாங்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. லாரியை விற்றான். சவப்பெட்டியிலிருந்து கல்லறைவரை எல்லாம் அவன் செலவு. ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட உள்ளே வந்தவனை அக்கா மண்வெட்டிக் காம்பால் அடித்தே விரட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு திதிக்கும் பழக்கூடையோடு வருவான். வேலிக்கு வெளியே கூடையை வைத்துவிட்டுப் போவான். அக்கா அதை அப்படியே தூக்கி வாத்துகளுக்குப் போடுவாள்.

கியெட் விழுந்த முக்கில் ஒரு இரும்புக் கம்பம் உண்டு. அதன் அடியில் பழைய பால்பவுடர் டின் ஒன்றைக் கட்டி, மணல் நிரப்பி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அக்கா ஊதுவத்தி ஏற்றுவாள். அந்தக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற லாரிகளையெல்லாம் முறைப்பாள். நான் கையைப் பிடித்து இழுத்தால்தான் எழுந்து வருவாள்.

இந்த வருஷம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு அபராதத்தை ஏற்றிவிட்டார்கள். செவ்வந்தித் தொட்டிகளைப் பைக்கில் அடுக்கிக் காலமெல்லாம் சந்தைக்கு ஓட்டிய எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருத்தியிடமும் லைசென்ஸ் கிடையாது. எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு லைசென்ஸுக்கான கம்ப்யூட்டர் பரீட்சைக்குத் தயார் செய்கிற டோன் வாத்தியாரின் வகுப்பில் போய் உட்கார்ந்தோம். நானும் அக்காவும் முன்வரிசை.

டோன் வாத்தியாருக்கு அர்த்தத்தில் நம்பிக்கை கிடையாது. அவருடைய சரக்கு குறுக்கு வழி.

"கேள்வியை முழுசாப் படிக்காதீங்க, படிச்சா குழம்பிடுவீங்க. விடையில 'கண்டிப்பாகத் தடை'ன்னு இருக்கா? கண்ணை மூடிக்கிட்டு அதை அமுத்துங்க. சாராயம்னு வார்த்தை வருதா? அதுவும் தடைதான். வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு வகுப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. அக்காதான் கையைத் தூக்கினாள்.

"எனக்கு இந்தத் தில்லுமுல்லெல்லாம் வேண்டாம் வாத்தியாரே. ஒவ்வொரு போர்டுக்கும் அர்த்தம் சொல்லுங்க."

"அர்த்தம் எதுக்குக்கா? நீங்க பாஸ் ஆகணுமா, பண்டிதர் ஆகணுமா?"

"அர்த்தம் தெரியாதவன் ஒருத்தன் லாரி ஓட்டித்தான் எம்பிள்ளை போனான். சொல்லுங்க."

வாத்தியார் சொல்ல ஆரம்பித்தார். சிவப்பு வட்டம் என்றால் கூடாது. நீல வட்டம் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும். மஞ்சள் முக்கோணம் என்றால் ஆபத்து, பார்த்துப் போ.

"இதுல மாடு படம் போட்டிருக்கே?"

"மாடு குறுக்கே வரும்னு அர்த்தம்க்கா."

"மாடு வந்தா மாடே கண்ணுக்குத் தெரியுமே. அதுக்கு ஏன் ஒரு போர்டு?"

பின்வரிசையில் ஒருத்தி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். அக்காகூடக் கொஞ்சம் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த வகுப்பு வாழ்க என்று இருந்தது எனக்கு.

கடைசி வகுப்பில் படக் கேள்விகள். திரையில் ஒரு சாலைச் சந்திப்பு. பெரிய சாலையில் ஒரு லாரி வருகிறது. பக்கத்துச் சின்ன சாலையிலிருந்து ஒரு பைக் வருகிறது. பைக்கின் பக்கத்தில் ஒரு பலகை. தலைகீழாக நிற்கிற முக்கோணம், சிவப்பு விளிம்பு, நடுவில் மஞ்சள். எந்த வண்டி முதலில் போகவேண்டும் என்பது கேள்வி.

"இது ரொம்பச் சுலபம்" என்றார் வாத்தியார். "தலைகீழ் முக்கோணம் எவன் பக்கம் நிக்குதோ அவனை மறந்துடுங்க. இன்னொருத்தனை அமுத்துங்க. அடுத்த படம்."

"நில்லுங்க" என்றாள் அக்கா. "அர்த்தம்?"

"பெரிய ரோட்டுல ஏறப் போறோம்னு அர்த்தம்க்கா. நாம நிக்கணும். அந்த ரோட்டுல வர்ற வண்டியைப் போக விட்டுட்டு அப்புறமா ஏறணும்."

"வர்றது லாரியா இருந்தாலுமா?"

"லாரியா இருந்தா என்ன, வாத்துக் கூட்டமா இருந்தா என்ன? வழி அவனுது."

"லாரிக்காரன் நிக்க வேண்டாமா?"

"அவன் ஏன்க்கா நிக்கணும்?"

வாத்தியார் படத்தை மாற்றினார், அக்காவின் பார்வை மாறவில்லை. என் தொடையில் கை வைத்தாள்.

"மியென், இந்த போர்டை எங்கேயோ பாத்திருக்கேன்டி."

எங்கேயோ இல்லை. கியெட் பைக்கில் வந்த சின்ன ரோட்டுப் பக்கம் நிற்கிற, பால்பவுடர் டின் கட்டிய கம்பத்தின் உச்சியில் இருப்பது அதுதான். மூன்று வருஷம் அந்தக் கம்பத்தில் சாய்ந்து அழுதிருக்கிறாள். ஒரு நாளாவது தலையை நிமிர்த்தி என்ன எழுதியிருக்கிறது, என்ன வரைந்திருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் தரையைத்தான்.

வகுப்பு முடிந்ததும் அவள் வாத்தியாரிடம் போனாள். "கியெட் உங்ககிட்டதானே படிச்சான்?"

"ஆமாக்கா. சூட்டிகையான பையன். எல்லாக் குறுக்கு வழியும் அவனுக்கு மனப்பாடம். ஒரே தடவையில பாஸ் பண்ணினான்" என்றார் அவர் பெருமையாக. பிறகுதான் அவருக்கும் உறைத்தது. பாவம், கையிலிருந்த ரிமோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் முக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் வெளுத்திருந்தாலும் முக்கோணம் முக்கோணமாகத்தான் இருந்தது.

"அப்புறமா வெச்சிருப்பாங்கக்கா. விபத்து நடந்த இடத்துல அப்படித்தானே வைப்பாங்க" என்றேன். எனக்கே தெரியும், நான் புளுகுகிறேன் என்று.

"அன்னிக்கே அவன் ஹெல்மெட்டை இந்தக் கம்பத்துக்கு அடியிலதான்டி எடுத்தேன்" என்றாள்.

அன்று ராத்திரி சோறு தின்னும்போது சாங்கைத் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. அந்த வாரம் முழுவதும் மீனும் சோறும் சத்தமில்லாமல் உள்ளே போயின. எத்தனையோ நாள் "போதும் நிறுத்துக்கா" என்று அவளிடம் கத்தியிருக்கிறேன். இப்போது அவள் திட்டமாட்டாளா என்று ஏங்கினேன். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

பரீட்சைக்கு வராதே என்று கெஞ்சினேன். அவள் கேட்கிற ஜாதியா? கம்ப்யூட்டர் ஆளுக்கு ஆள் வேறு வேறு கேள்வி கேட்கும், அந்தப் படம் இவளுக்கு வராமல் போகட்டும் என்று குவான் ஆம் அம்மனுக்கு வாழைப்பழம் வைத்து வேண்டிக்கொண்டேன். பழம் வீணாகப் போனது. எனக்கு அடுத்த இருக்கை அவளுடையது. கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் அதே லாரி, அதே பைக், அதே பலகை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில கேள்விகளைத் தப்பாகப் போட்டாலும் பாஸ் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்றைத் தப்பாகவே போட்டுவிடேன் அக்கா, யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குள் கதறினேன். அவள் விரல் பைக்குக்கு நேராகப் போய் அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. பிறகு மெதுவாக நகர்ந்து லாரியை அமுத்தியது.

வெளியே ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். நான் மயிரிழையில் தப்பித்திருந்தேன். அக்காவுக்கு முழு மதிப்பெண். எங்கள் ஊர்ப் பெண்கள் கை தட்டினார்கள். "தோவா அக்கா பண்டிதராயிட்டாங்க" என்று ஒருத்தி தோளில் தட்டினாள். அக்கா வாதாம் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

"எம்பிள்ளை மேலதான் தப்புன்னு என் கையாலயே அமுத்திட்டு வந்திருக்கேன்டி" என்றாள். "அதுக்குக் கை தட்டறாளுங்க."

அடுத்தது வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டவேண்டிய பரீட்சை. வரிசையில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தாள்.

"எங்கேக்கா போறே? இப்பப் போனா எல்லாத்தையும் மறுபடி எழுதணும்."

"எழுதிக்கறேன். சாங் எங்கே இருக்கான்?"

அவன் எங்கே இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். படகுத்துறையில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கிறான். லாரியை விற்ற பிறகு அவன் பிழைப்பு அதுதான். நானும் எட்டைப் போடாமலே அவள் பின்னால் ஓடினேன்.

எங்களைப் பார்த்ததும் சாங் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போனான். ஒரு கையைத் தலைக்குக் குறுக்கே லேசாகத் தூக்கினான். அடி வாங்கிய பழக்கம்.

"அக்கா... திதி அடுத்த மாசம்தானே? நான் உங்க பக்கம்கூட வரலியே."

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"என்னதுக்கா?"

"அந்த முக்குல யார் நிக்கணும்னு."

சாங் ஈரத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேடையை மறுபடி துடைத்தான்.

"லாரி ஓட்டினவன்தானேக்கா. தெரியும்."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கலே? லாரியை வித்தே. என்கிட்ட கட்டையடி வாங்கினே. வருஷா வருஷம் வந்து வேலிக்கு வெளியில நின்னே. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"என்னன்னுக்கா சொல்றது? பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவங்ககிட்ட, உங்க பிள்ளைதான் நிக்காம வந்தான்னு சொல்றதா? எனக்கு வாய் வரலே." துணியைப் பிழிந்தான். "நான் பிரேக் போட்டேன்க்கா. அதைக்கூட யார்கிட்டயும் சொல்லலே. எப்படியானாலும் மோதினது என் லாரிதானே."

வாத்துகளுக்குப் போட்ட பழங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. இந்த மனுஷன் காலில் விழுவதா, இல்லை ஏன்டா இத்தனை நல்லவனாக இருந்து தொலைத்தாய் என்று சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

அக்கா அவன் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே நான் யார் மேலடா கோபப்படறது?" என்றாள். "அவன் மேல எப்படிடா கோபப்படுவேன்?"

"என் மேலயே படுங்கக்கா" என்றான் சாங். "எனக்குப் பழகிப்போச்சு."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. தாகத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு குவளையை நீட்டுவதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னான். அக்கா அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாத வசவா? மூன்று வருஷம் ஒரு வேளை தவறாமல் வந்த வசவு. அவள் முயற்சி செய்ததை நான் பார்த்தேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டன. ஒரு சொல்கூட வரவில்லை.

சாவு வீட்டில் அவள் அழவில்லை. கத்தினாள், அடித்தாள், சபித்தாள், அழமட்டும் இல்லை. கம்பத்தடியில் அவள் அழுததுகூடக் கோபத்தில் அழுததுதான் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. படகிலிருந்து இறங்கிய சனமெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாங்கையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், கால்வாய்ப் பக்கம் திரும்பி, செத்துப்போன பிள்ளையைத்தான் கேட்டாள்.

"ஒரு நிமிஷம் நின்னிருக்கக் கூடாதாடா, கியெட்? அந்த லாரி போனப்புறம் வந்திருக்கக் கூடாதா?"

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.