தட்டுக்குச் சாட்சி

"நாய்க்கு வைக்கிற சோத்துல பாதிய நீதானே திங்கிறே?"

அத்தை இதைக் கேட்டபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்தவர். இன்னொரு பெண் படுக்கை விரிப்பு மூட்டையோடு வந்திருந்தாள். இருவரும் முதலில் நாயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யாருடைய விலா எலும்பு அதிகம் தெரிகிறது என்று ஒப்பிடுவது போல இருந்தது. எனக்குப் பதிலெல்லாம் பாத்திரம் கழுவும்போதுதான் வரும்.

இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து ஆவி அண்ணன் பேசினார். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"அவ தின்னிருந்தா அவளாவது தேறியிருப்பாளேக்கா. ரெண்டும் ஒரே சைஸ்லதான் இருக்கு."

"நீ துணியப் பாரு. அந்த வெள்ளைச் சட்டையோட காலர் எப்படி மஞ்சளாச்சுன்னு நான் இன்னும் கேக்கல."

"இப்ப கேட்டுட்டீங்களே."

மாமாவும் அத்தையும் நடத்தும் சலவைக் கடை அது. மாமா என் அம்மாவின் தம்பி. அவர் வண்டியில் போய் விடுதிகளிலிருந்து துணி எடுத்து வருவார். கடைக்குள் நடப்பதெல்லாம் அத்தையின் ராஜ்ஜியம். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய பிறகு அம்மா என்னை இங்கே கொண்டுவந்து விட்டாள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதே பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தால் தண்ணீர் மாதிரி ஓடும். இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அத்தையிடம் ஒரு விதி உண்டு. எந்தத் துணியும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒருவர் அதன் பைகளைக் காலி செய்ய வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர், சட்டைப்பையில் வைத்த மோதிரத்தைக் காணோம் என்று வாசலில் நின்று கத்தி, தெருவையே கூட்டிவிட்டாராம். மோதிரம் அவர் வீட்டுக் குளியலறையில்தான் கிடந்தது. அதைச் சொல்ல அவர் திரும்பி வந்தபோது தெரு கூடவில்லை. அன்றிலிருந்து கடையில் யாரும் எதையும் தனியாகத் தொடக் கூடாது. நின்று பார்க்கிறவருக்குச் சாட்சி என்று பெயர். "சாட்சி எங்கே?" என்று அத்தை கேட்டால், போட்டது போட்டபடி கிடக்க யாராவது ஓடி வருவோம்.

எங்கள் நாய் பொத்தான் எங்களிடம் வந்ததும் ஒரு வாடிக்கையாளர் வழியாகத்தான். ஊரை விட்டுப் போன அந்தக் குடும்பம் நாய்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. மற்றவை எல்லாம் கன்றுக்குட்டி மாதிரி இருந்தன. கடைசியாக மிஞ்சியது இதுதான். "பெருசுங்க தின்னு முடிச்ச பிறகுதான் இது வாய வைக்கும், பாவம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்த அன்றே ஒரு கோட்டிலிருந்து விழுந்த பொத்தானை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது. பெயர் அப்படி வந்தது.

அதற்குச் சோறு வைப்பது என் வேலை. பின்னால் துணி காயப்போடும் இடத்தில், குழாயடியில், சோறும் வேகவைத்த கோழியும் கலந்து தட்டில் வைப்பேன். வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் தட்டு கழுவி வைத்தது போல இருக்கும். நாயோ அப்படியேதான் இருந்தது. துணி மூட்டை நிறுக்கும் தராசில் அத்தை அதைத் தூக்கி வைப்பாள். முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் போய் நிற்கும்.

"போட்டது உள்ள போயிருந்தா முள் நகரணும். நகரல. அப்ப வேற எங்கயோ போகுது" என்றாள் அத்தை. அவளுடைய கணக்கு எப்போதும் தப்பாது. ஆளைத்தான் தப்பாகப் பிடிப்பாள்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா பொத்தானின் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மலத்தையும் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். பூச்சி மருந்து ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. முடிவுகள் வந்த பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"பூச்சி இல்ல. சாப்பிட்டது செரிக்காமப் போற மாதிரியும் தெரியல. உடம்புல குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. உள்ள போற சாப்பாடுதான் பத்தல. யாரு சாப்பாடு வைக்கிறது?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். திரும்பிய கழுத்து வீடு வந்து சேரும் வரை நேராகவில்லை.

மறுநாளிலிருந்து பொத்தானின் தட்டுக்குச் சாட்சி போடப்பட்டது. நான் வைக்க வேண்டும், அத்தை பக்கத்தில் நிற்க வேண்டும். அத்தைக்கு வேலை இருந்தால் ஆவி அண்ணன் நிற்க வேண்டும். அவரும் போனால் மாமா. அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தட்டையும் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். பொத்தான் தட்டை முகர்ந்துவிட்டு, காதை மடக்கிக்கொண்டு குழாய்க்குப் பின்னால் போய்விடும்.

"பாத்தியா? நான் நிக்கிறப்போ தொடவே இல்ல. நீ தனியா வச்சப்போ தட்டு காலியாச்சு. என்னடி அர்த்தம்?"

"தெரியல அத்தை."

"எனக்குத் தெரியுது."

மாமாவுக்கு வேறு சந்தேகம் இருந்தது. "நீ நிக்கிறதப் பாத்தா எனக்கே சோறு இறங்காது" என்றார். சொல்லிவிட்டு, அத்தை திரும்பும் முன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆவி அண்ணனுக்கு என் மேல் சந்தேகம் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை மேல் இருந்தது. எனக்கு அவர் மேலேயே இருந்தது. தன் மதியச் சாப்பாட்டிலிருந்து ரகசியமாக எதையோ கொடுத்து நாயின் பசியைக் கெடுக்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் சந்தேகம் சளி மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியது.

தராசு முள் இந்த முறை நகர்ந்தது. கீழே இறங்கியது.

"இரும்புக்கடைக்காரர் ஒரு நாய் கேட்டுட்டு இருக்கார்" என்று அத்தை சாப்பிடும்போது சொன்னாள். "வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகட்டும். நம்ம கிட்ட இருந்து செத்துப்போனா, பட்டினி போட்டுக் கொன்னாங்கன்னு நாலு பேர் சொல்லுவாங்க."

இரும்புக்கடையை நான் பார்த்திருக்கிறேன். தகரக் குவியலுக்கு நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சங்கிலி. முன்பு இருந்த நாய் நடந்த வட்டம் மட்டும் தரையில் தேய்ந்து கிடக்கும். அந்த வட்டத்துக்குள் பொத்தானை வைத்துப் பார்த்தேன். என் தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது. அத்தை அதையும் கவனித்தாள்.

மறுநாள் அத்தை ஆளை மாற்றிப் பார்த்தாள்; ஆவி அண்ணன் தட்டை வைத்தார். நான் சாட்சி நிற்க வேண்டியவள். நிற்காமல், காயப்போட்ட விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் எதையும் கொடுக்கவில்லை. தட்டை வைத்தார், "தின்னுடா ராசா, எங்க தலையெல்லாம் உருளுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பொத்தான் மெதுவாக வந்து ஒரு வாய் எடுத்தது. உள்ளே இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்றது. தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. இன்னொரு வாய். மாமா செருப்பைத் தேய்த்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். மறுபடி தலை நிமிர்ந்தது. அந்த வழியில்தான் எல்லோரும் போவோம், வருவோம். அப்புறம் அது என் விரிப்பையே பார்த்தது. குனிந்து பார்த்தேன், விரிப்புக்குக் கீழே என் பாதங்கள் தெரிந்தன. பொத்தான் தட்டை விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

நான் சத்தமில்லாமல் விலகிப்போய் சலவை அறை ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். மதிலிலிருந்து பூனை இறங்கி வந்தது. தன் வீட்டுச் சமையலறை போல நிதானமாகத் தின்றது. பொத்தான் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முறை வரும் என்று காத்திருந்தது. பெரிய நாய்களிடம் கற்ற பாடம்.

ஆவி அண்ணனின் பூனையும் உண்மைதான், மாமாவின் கேலியும் உண்மைதான். பூனையை விரட்ட ஆள் நின்றால் நாய் தின்னாது. ஆள் விலகினால் பூனை தின்னும்.

பூனை நுழைய முடியாத, ஆள் நடமாடாத அறை கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரும் திரும்பி வந்து கேட்காத துணிகளை அடுக்கி வைத்திருக்கும் அறை. அங்கே தனியாகப் போனால் அத்தையிடம் மன்னிப்பே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அத்தை பல்வலிக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். சாவி ஆணியில் தொங்கியது. நான் பொத்தானையும் தட்டையும் அந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தூரமாகப் போனேன். திரும்பி வந்து திறந்தபோது, தட்டு அறையின் அந்தக் கோடிச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு பருக்கை இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

காலித் தட்டோடு நான் வெளியே வந்தேன். எதிரே அத்தை.

அவள் கண் தட்டுக்குப் போனது, அறைக்குப் போனது, சாவிக்குப் போனது, என் வாய்க்குப் போனது.

"சாட்சி எங்கே?"

"இல்ல அத்தை."

"யாரும் பாக்கல."

"யாரும் பாக்காததாலதான் தின்னுச்சு."

"நல்ல கதை." அத்தை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரும் பாக்காதப்ப என்ன வேணா நடந்துச்சுன்னு சொல்லலாம், இல்ல?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது. இரும்புக்கடைக்காரர் உள்ளே வந்து, கொண்டுவந்த சங்கிலியை இஸ்திரி மேசை மேல் வைத்தார். அது கலகலவென்று சரிந்தது. பொத்தான் என் காலுக்குப் பின்னால் ஒண்டியது.

வழக்கமாகப் பாத்திரம் கழுவும்போது வரும் பதில் அன்று அங்கேயே வந்தது.

"தராசுல வச்சுப் பாருங்க அத்தை. தராசுக்குக் கண்ணு கிடையாது, அது பாத்தா நாய் பயப்படாது. இப்ப நிறுங்க. சட்டியில மீதி இருக்கிற சோத்தையும் தட்டுல போட்டு நிறுங்க. ரெண்டையும் உள்ள விட்டு நீங்களே பூட்டுங்க. சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். அப்புறம் நாய மறுபடி நிறுத்துப் பாருங்க."

"பேசிட்டாளே" என்றார் ஆவி அண்ணன், இஸ்திரிப்பெட்டியிடம்.

அத்தை நாயைத் தூக்கித் தராசில் வைத்தாள். முள்ளைக் குனிந்து பார்த்தாள். சோற்றை நிறுத்தாள். இரும்புக்கடைக்காரரிடம், "கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணே" என்றாள். நாயையும் தட்டையும் உள்ளே விட்டுத் தன் கையாலேயே பூட்டினாள்.

பூட்டிவிட்டுக் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டாள். நானும் நின்றேன்.

உள்ளே சத்தமே இல்லை.

"தின்னலையே" என்றாள்.

"கதவுக்கு அடியில உங்க கால் தெரியுது அத்தை."

"நான் பூட்டிட்டுத்தானே நிக்கிறேன். கால் அத என்ன பண்ணும்?"

"அதுக்கு அது தெரியாதே." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீங்க என் தட்டப் பாக்குறப்போ எனக்கும் இறங்காது அத்தை. கை தானா நின்னுடும். நீங்க அடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்படியும் இறங்காது."

அத்தை கதவின் அடி இடுக்கைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள். பிறகு என்னை, என் கழுத்தெலும்பை, தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தாள். அந்தச் சட்டை நான் வந்த புதிதில் சரியாக இருந்தது. அவள்தான் தைத்துக் கொடுத்தாள்.

என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினாள்.

அத்தை இஸ்திரி மேசையைத் தாண்டும்போது, நானும் கதவை விட்டு விலகியிருந்தேன். பூட்டிய அறைக்குள்ளிருந்து தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் உரசி நின்றது. மறுபடி உரசியது. அத்தைக்கும் கேட்டிருக்க வேண்டும்; நடை ஒரு கணம் நின்றது. அவள் தராசுப் பக்கம் போகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேசை மேல் கிடந்த சங்கிலியை அள்ளிக்கொண்டு, நாய் இல்லாமல், இரும்புக்கடைக்காரர் நின்றிருந்த வாசலை நோக்கிப் போனாள்.