ஒரு கீறல் கிடையாது

மாமனார் தன் கார்ச் சாவியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தது கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான். பெண்ணைக் கொடுக்க ஒரு மாதம் போதுமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை விசாரித்தார், சரி என்றுவிட்டார். கார் விஷயம் அப்படியல்ல.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கடை கடையாக ஏறி, தராசை ஆட்டிப் பார்த்து, படிக்கல்லைப் புரட்டிப் பார்த்து, கடைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். அந்தப் பழக்கத்தில், உலகத்தில் உள்ள எல்லாருமே ஐம்பது கிராம் குறைப்பவர்கள் என்று முடிவு கட்டியிருந்தார். விதிவிலக்கு இரண்டே இரண்டு: அவரும் அவருடைய கறுப்புக் காரும். “எட்டு வருஷ வண்டி. ஒரு கீறல் கிடையாது” என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே காருக்கு மெழுகு பூசுவார். அந்த ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது.

மாப்பிள்ளைக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு துண்டுச்சீட்டு இருக்குமே, வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, தலை சுற்றினால் வண்டி ஓட்டக் கூடாது என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதை எழுதுபவர் அவர்தான். “அதை எவன் படிக்கிறான்?” என்று முதல் சந்திப்பிலேயே மாமனார் கேட்டார். அந்தக் கேள்வி ஒன்பது வருஷமாக மாப்பிள்ளையின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவருக்குச் சொத்து வேண்டாம், சீர் வேண்டாம். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை ‘பரவாயில்லையே’ என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாமனாரும் மாமியாரும் ரயிலேறி இளைய மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவியோடு வந்து தங்கிய மாப்பிள்ளையிடம் போகும்போது மாமனார் சாவியை நீட்டி, “ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாப்ளே. அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ண வேணாம்” என்றார்.

வேறு ஒன்றும் பண்ண வேண்டாம் என்ற துண்டுச்சீட்டை மட்டும் மாப்பிள்ளை படிக்கவில்லை. இரண்டாம் நாளே, காரைக் கழுவிப் பளிச்சென்று வைத்து மாமாவை அசத்திவிடுவோம் என்று கிளம்பினார். வாளி நிறையத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, சமையலறை ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சுக்கு மஞ்சளாக ஒரு மெத்துப் பக்கமும் பச்சையாக ஒரு சொரசொரப்புப் பக்கமும் உண்டு. பறவை எச்சம் ஒன்று போக மறுத்ததால் பச்சைப் பக்கத்தைத் திருப்பினார். நன்றாகப் போயிற்றே என்று எஞ்சினுக்கு மேலுள்ள முன்மூடி முழுவதையும் அதே பக்கத்தால் தேய்த்துவிட்டார்.

ஈரம் காய்ந்ததும் வெயிலில் பார்த்தார். முன்மூடி முழுக்க வட்டம் வட்டமாகக் கோடுகள். எட்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாத வண்டியில் இப்போது எண்ண முடியாத கீறல்கள்.

மனைவி வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளப் போன கையைப் பாதியில் இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“பாத்திரமாங்க இது?”

“தெரியாம…”

“அப்பா வர இன்னும் எட்டு நாள் இருக்கு. ஏதாவது பண்ணுங்க.”

வேறொருவராக இருந்தால் நேராக ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போயிருப்பார். ஆனால் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் மாமனாருக்குப் பழக்கம். செய்தி ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். தவிர, மாப்பிள்ளைக்குப் படிப்பதில் ஒரு நம்பிக்கை இருந்தது. கீறலைப் போக்கப் பாலிஷ் மிஷின் என்று ஒன்று உண்டாம். சரி, எது நல்லது என்று படித்துவிட்டு வாங்கலாம் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை.

இணையத்தில் இதற்கென்றே வாழ்கிற ஒரு கூட்டம் இருந்தது. ‘கண்ணாடி மன்னன்’ என்ற பெயரில் எழுதியவர், ஒரே அச்சில் சுற்றும் மிஷினைப் புதியவர் கையில் கொடுப்பவனை ஜெயிலில் போட வேண்டும் என்றார். ‘பளபளப்பு டாக்டர்’ என்பவர், சுற்றிக்கொண்டே ஆடுகிற மிஷின் குழந்தை விளையாடத்தான் லாயக்கு என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு வருஷமாகச் சண்டை. ஒருவர் வீடியோவில் முதல் பதினெட்டு நிமிஷம் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார். பத்தொன்பதாம் நிமிஷம் மிஷினைக் கையில் எடுத்தார். இருபதாம் நிமிஷம், மீதியை அடுத்த வீடியோவில் பார்க்கலாம் என்று கும்பிட்டார்.

மிஷினின் முகத்தில் ஒட்டும் பேட் விஷயம் இன்னும் மோசம். கம்பளி பேட், ஃபோம் பேட், மைக்ரோஃபைபர் பேட். ஃபோமில் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. ஒரு கம்பெனிக்கு ஆரஞ்சு என்றால் நன்றாக அறுக்கும். இன்னொரு கம்பெனிக்கு அதே ஆரஞ்சு தடவிக் கொடுக்கும். மாத்திரையின் நிறத்தை மாற்றுவதென்றால் பதினாறு கையெழுத்து வாங்குகிற இடத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தது மெழுகு. டப்பாவில் கெட்டியாக வருவது, புட்டியில் தண்ணியாக வருவது, பீய்ச்சுவது. பனையிலிருந்து எடுத்த மெழுகைத் தவிர வேறு எதையும் தொடாதவர்கள் ஒரு கட்சி. வெறும் உள்ளங்கையால் பூசினால்தான் கைச்சூட்டில் மெழுகு உருகி இறங்கும் என்று அதில் ஒரு உட்கட்சி.

மாப்பிள்ளை நாற்பது பக்கம் குறிப்பு எழுதினார். மூன்று வண்ண மையில் எழுதினார். கார் அப்படியே நின்றது.

“இன்னும் மூணு நாள்தாங்க இருக்கு” என்றாள் மனைவி.

ஏழாம் நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கார் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் டீ குடித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார்.

“எத்தனை நாளா சார் படிக்கிறீங்க?”

“அஞ்சு நாள்.”

“அதான்” என்று நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். “நகத்தை வெச்சு அந்தக் கோட்டுல இழுத்துப் பாத்தீங்களா? நகம் மாட்டுதா?”

“மாட்டல.”

“அப்ப மேல் பூச்சுலதான் இருக்கு. போயிரும். சுத்திக்கிட்டே ஆடுற இந்த மிஷின எடுங்க. ஒரே இடத்துல நின்னாலும் பெயிண்ட்டைப் பொசுக்காது. அதோ, அது கை பழகினவங்களுக்கு, அதுகிட்டப் போகாதீங்க. பேட் ரெண்டு விதம் போதும், ஒண்ணு தேய்க்க, ஒண்ணு மெருகேத்த. ஒவ்வொண்ணுலயும் மூணு வாங்கிக்குங்க, அழுக்கானா மாத்தணும்ல. பாலிஷ் ஒரு புட்டி. மெழுகு ஒரு டப்பா.”

“எந்த மெழுகு? பனை மெழுகா, செயற்கையா?”

“எதுவா இருந்தா என்ன சார்? மெழுகு கீறலைப் போக்காது, பாதுகாக்கும், அவ்ளோதான். கறுப்பு மெழுகுன்னு ஒண்ணு இருக்கு, அது கீறல்ல போய் அடைச்சுக்கிட்டு மூடி மறைக்கும். வாராவாரம் பூசிக்கிட்டே இருக்கணும். விட்டா பல்லை இளிச்சிரும். உங்களுக்கு எதுக்கு அது?”

ஐந்து நாள் படிப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்ததில் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எட்டாம் நாள் காலை கொட்டகை நிழலில் வேலையைத் தொடங்கினார். காரை முறையாகக் கழுவித் துடைத்தார். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டினார். பேட்டில் நாலு பொட்டு பாலிஷ் வைத்து, மிஷினைத் தூக்கிப் பிடித்து, சுவிட்சைப் போட்டார். பேட்டை வண்டியில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நாலு பொட்டும் நாலு திசையில் பறந்தன. ஒன்று சுவரில், ஒன்று கண்ணாடியில், ஒன்று வேடிக்கை பார்க்க வந்த மனைவியின் கன்னத்தில். நாலாவது எங்கே போனது என்று கடைசி வரை தெரியவில்லை.

பிறகு வேலை படிந்தது. ஒரு கை அகலம் நாலு தடவை மெதுவாக ஓட்டித் துடைத்தால் அந்த இடத்தில் கோடு இல்லை. கொட்டகைக் கூரையின் ஆணி வரை அதில் தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் முன்மூடி மட்டும் அப்படி ஜொலித்ததால் மற்ற இடமெல்லாம் தூசு படிந்த மாதிரி இருந்தது. ஆகவே கதவுகளையும் தேய்த்தார். இடது பின்கதவுக்கு வந்தபோதுதான் அது நடந்தது.

பேட் கறுப்பாக எதையோ வழித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை மிஷினை நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்தார். கதவில், முழ நீளத்துக்கு, ஒரு கோடு. இது ஸ்பாஞ்சுக் கோடு இல்லை. நகம் வைத்தால் நகம் விழுந்தது. உள்ளே துரு ஏறியிருந்தது.

“ஐயோ, மிஷினாலயா?” என்று ஓடி வந்தாள் மனைவி.

“மிஷின் துரு போடுமா? இது பழசு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனைவி காரின் பின்பெட்டியைத் திறந்து துழாவினாள். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு பழைய பனியனில் சுற்றி, நகப்பூச்சு அளவில் கறுப்பு பெயிண்ட் புட்டி ஒன்றும், பாதி தீர்ந்த கறுப்பு மெழுகு டப்பா ஒன்றும் கிடைத்தன.

“ஞாயித்துக்கிழமை தாழ்ப்பா!” என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஊர்ல உள்ளவன் தராசையெல்லாம் புடிச்ச மனுஷன்! ஒண்ணும் பூசாதீங்க. அப்படியே விடுங்க. அவரும் ஒரு தடவை மாட்டட்டும்.”

மாப்பிள்ளைக்கும் உள்ளூரக் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஒன்பது வருஷம் தன்னை ஐம்பது கிராம் குறைவான ஆளாகப் பார்த்தவர். இரண்டு நாளும் பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டு மாதிரி வரிசையாக மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை அவர்கள் வந்து இறங்கினார்கள். பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் மாமனார் கொட்டகைக்குப் போனார். கார் மினுக்கிய மினுக்கில் நின்றுவிட்டார். குனிந்தார். முன்மூடியில் தன் மூக்கைப் பார்த்தார்.

“மாப்ளே, பரவாயில்…” என்று வாயெடுத்தவர், பழக்கதோஷத்தில் இடது பின்கதவுப் பக்கம் நடந்தார். அங்கே வார்த்தை நின்றது. முகம் வெளுத்தது. கை தானாகப் போய் அந்தக் கோட்டை மறைத்தது.

மாமியார் பின்னாலேயே வந்தார். “கையை எடுங்க. என்ன கோடு அது?” என்றார். “யாரு பண்ணது?”

மாமனார் நிமிர்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் கடைக்காரர்கள் தன்னைப் பார்த்த பார்வையை இன்று அவர் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மனைவி கணவனின் முழங்கையில் இடித்தாள். மனத்துக்குள் எழுதி வைத்ததெல்லாம் மாப்பிள்ளைக்கு ஒரு வரி விடாமல் நினைவிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை. பாவமாகப் போய்விட்டது.

“நான்தான் அத்தை. மிஷின் கை தவறிருச்சு.”

மாமனாருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு குரலும் வந்தது.

“நான்தான் சொன்னேனே! ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்கன்னு சொன்னேனா இல்லையா? எட்டு வருஷம்! ஒரு கீறல் கிடையாது! இவரு கை வெச்சாரு, முடிஞ்சது கதை!” அரை மணி நேரம் விடாமல் பேசினார். கால் மணி நேரத்துக்கு மேல் அவரே அதை நம்பிவிட்டது நன்றாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் துரு ஏறிய கோட்டைக் காட்டி, “பத்து நாள்ல பண்ணின வேலையைப் பாருங்க” என்றார்.

மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே போனார். மாமியார் சமையலறையில் நின்றிருந்தார். முகத்தில் கோபம்.

“நீங்க எதுக்கு மாப்ளே நடுவுல வந்தீங்க?”

“என்ன அத்தை?”

“அந்தக் கோடு விழுந்தப்ப முன்சீட்டுல உக்காந்திருந்ததே நான்தான். ஆறு வருஷமாச்சு. நான் பேசிக்கிட்டே வந்ததாலதான் தூண்ல இடிச்சுதாம். அன்னையிலேருந்து அந்த வண்டியில ஏறினா நான் வாயத் திறக்கக் கூடாது. மூச்சுக்கூட மெதுவா விடணும். இந்தத் தடவை ரயில்ல போனதாலதான் வாயாரப் பேசிக்கிட்டுப் போனேன்.” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னைக்கு உங்க முன்னாடி கேட்டா, ‘நான்தான்’னு அந்த மனுஷன் வாயால வரும்னு பாத்தேன். வாய் திறக்கப் பாத்துச்சு. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க.”

மாப்பிள்ளைக்கு வெட்கமாகப் போயிற்று. பெரிய மனசு காட்டுவதாக நினைத்துத் தான் பூசியதும் கறுப்பு மெழுகுதான் என்று தோன்றியது. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. மாமனார் குஷியாக இருந்தார். “எல்லாரும் ஏறுங்க. மிஷினைப் போட்டு இவரு இன்னும் என்னென்ன கெடுத்திருக்காரோ, ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடுவோம்.”

ஏறினார்கள். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கையை மடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டார். கார் தெருவுக்கு வந்தது. மாமனார் மட்டும் பேசிக்கொண்டே ஓட்டினார். மெழுகு பூசுவது எப்படி என்று மாப்பிள்ளைக்குப் பாடம் நடந்தது.

“அத்தை” என்றார் மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து. “ரயில்ல போனது எப்படி இருந்துச்சு? சொல்லுங்க.”

மாமியார் திரும்பிப் பார்த்தார். மாமனாரின் பேச்சு நின்றது. “வண்டி ஓட்டும்போது பேச்சு ஆகாது மாப்ளே. கவனம் சிதறும். எங்கயாவது இடிச்சுரும்.”

“அவங்க பேசட்டும் மாமா” என்றார் மாப்பிள்ளை. “இடிச்சா அதையும் நான்தான்னு சொல்லிடறேன்.”

மாமனார் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். சிக்னலில் வண்டி நின்றது.

“மூணாவது ஸ்டேஷன்ல ஒரு பொம்பளை ஏறினா பாருங்க” என்று அத்தை ஆரம்பித்தார்.