ஒரு மணி நேர இருட்டு

நட்சத்திரம் காட்டக் கூட்டிப்போகிறேன் என்று கிளைவ் தொழில் தொடங்கியபோது அட்டன் பஸ் நிலையத்து ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். மேலே பார்க்க ஆள் எதற்கு, கழுத்து போதுமே என்றார்கள். அவனைப் போல அவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்கள்தான், ஆனால் சரக்கு எதுவென்று தெரியாதவர்கள். நட்சத்திரம் எல்லார் கூரைக்கு மேலும் சும்மா கிடக்கிறது. நல்ல இருட்டுக்குத்தான் தட்டுப்பாடு.

அந்த இருட்டைத் தேடி அவன் மலையெல்லாம் அலைந்தான். நுவரெலியாவில் ஹோட்டல் வெளிச்சம் மேகத்தில் பட்டு வானம் சாயம் போன சீலை மாதிரி இருந்தது. கந்தப்பளையில் மரக்கறித் தோட்டங்களின் காவல் விளக்குகள். உடப்புசல்லாவையில் இருட்டு முதல் தரம். ஆனால் பொழுது சாய்ந்ததும் பனிமூட்டம் வந்து கடையைச் சாத்திவிடும். கடைசியில் அக்கரப்பத்தனைக்கு மேலே, தான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மேற்பிரிவிலேயே அது கிடைத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ஒரு மொட்டை மேடு. சுற்றிலும் மலை மறைப்பதால் எந்த டவுன் வெளிச்சமும் எட்டாது. மாசி மாதத்து அமாவாசையில் அங்கே நின்றால் மேலே பார்ப்பதற்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று: பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் நின்ற விளக்கு.

அந்த விளக்கு லேசில் வந்ததில்லை. பாதையோரத்துத் தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை இரண்டு நாய்களைத் தூக்கிப்போன பிறகு, தாய்மார் நடையாய் நடந்து வாங்கியது. முன்னால் நடந்தவள் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி. அவள் மகள் பூரணிக்குத் தலவாக்கலையில் துணிக்கடை வேலை. கடைசி பஸ்ஸில் வந்து தனியாக ஏற வேண்டும். விளக்கு வந்தால் கடை, வராவிட்டால் கொழுந்துக் கூடை என்று தாய் தீர்த்துச் சொல்லியிருந்தாள். விளக்கு வந்தது, பூரணியும் கடைக்குப் போனாள்.

விளக்கின் சுவிட்ச் தோட்டத் தலைவர் அழகுமுத்து வீட்டுச் சுவரில் இருந்தது. கிளைவ் அவரிடம் பேரம் பேசினான். தலைவர் கோயிலுக்குப் புதுக் கூரையில் தொடங்கி, மணியில் கொஞ்ச நேரம் தங்கி, ஒலிபெருக்கியில் இறங்கி நின்றார். வீடுகளோடு பேரம் இன்னும் சுலபம். வாசலுக்கும் ஜன்னலுக்கும் சாக்குப் படுதா போட்டுக்கொண்டால் உள்ளே லைட்டும் டிவியும் அவரவர் பாடு. பாதை விளக்கு மட்டும் ஏழிலிருந்து எட்டு வரை அணைந்திருக்கும். பூரணியின் பஸ் எட்டுக்கு மேல்தான் வரும். யாருக்கும் நட்டமில்லாத வியாபாரம்.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து தொலைநோக்கியோடு வந்த மிலானும் இரண்டு நண்பர்களும் வழியில் டயர் பஞ்சராகி எட்டு மணிக்குத்தான் சேர்ந்தார்கள். பஸ் வருகிற நேரமாச்சே என்று தலைவர் இழுத்தார்.

“அந்த பஸ்ஸு என்னைக்கு தலைவரே நேரத்துக்கு வந்திருக்கு?” என்றான் கிளைவ்.

விளக்கு அணைந்தது. மேட்டில் மிலான் சிங்களத்தில் ஏதோ முனகிவிட்டு, தொலைநோக்கியை மறந்து அண்ணாந்து நின்றான். தெற்கே அகத்திய நட்சத்திரம் மலை முகட்டுக்கு மேல் ஊசி குத்தியதுபோல் எரிந்தது. கிளைவ் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது கீழே பஸ் வெளிச்சம் வளைந்து வந்து, நின்று, போனது.

பிறகு பஸ் நின்ற இடத்தில் போன் வெளிச்சம் ஒன்று தனியாக நின்றது. ஏறி வரவில்லை.

ஏன் என்பது அவனுக்கு உடனே விளங்கியது. அந்தப் பிரிவில் கரண்டு போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. அன்றைக்கு முறை உள்ள வீட்டு ஆட்கள் டோர்ச்சோடு கீழே இறங்குவார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் அவர்கள் வரும்வரை அங்கேயே நிற்பார்கள். மேலே எல்லாம் இருண்டு கிடப்பதைப் பார்த்துப் பூரணி டோர்ச்சுக்காகக் காத்திருக்கிறாள். லயத்திலோ எந்த வீட்டிலும் கரண்டு போகவில்லை. படுதாவுக்கு உள்ளே டிவி ஓடுகிறது. எனவே இன்று யாருடைய முறையும் இல்லை.

எவனாவது இறங்குவான் என்று கிளைவ் தனக்குச் சொல்லிக்கொண்டான். மிலான் இன்னும் பத்தே நிமிடம் கேட்டான். கொடுத்தான். கீழே போன் வெளிச்சம் மங்கி அணைந்தது. அவன் அசையவில்லை, வியாபாரத்தில் பாதியில் கை வாங்கினால் அடுத்த கிராக்கி வராது.

அப்போது லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன.

அவன் ஓடினான். தலைவர் வாசலில் குரல் கொடுத்துக்கொண்டே பாதையில் இறங்கினான். விளக்கு எரிந்தபோது பூரணி பாதி வழியில், மதகுக் கட்டின் மேல் ஏறிப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து நின்றாள். போன் செத்ததும் பயத்தில் தானாகவே ஏறியிருக்கிறாள். தேயிலைக்குள் ஏதோ கூடவே நடந்ததாம், அவள் நின்றால் அதுவும் நின்றதாம்.

“கரண்டு இப்பத்தான் வந்துச்சா அண்ணே?”

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தான். அதற்குள் நாகலெட்சுமி பின்னாலேயே மூச்சிரைக்க வந்துவிட்டாள்.

“கரண்டு எங்கடி போச்சு? டிவி ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு.”

பூரணி மேட்டைப் பார்த்தாள். அங்கே வானம் பார்க்க வந்தவர்களின் சிவப்பு டோர்ச் ஒன்று அசைந்தது. பிறகு அவனைப் பார்த்தாள்.

வீட்டு வாசல்வரை கிளைவ் பேசிக்கொண்டே போனான். இனி விளக்கில் கை வைக்க மாட்டேன் என்றான். தினமும் தன் ஆட்டோவிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்றான். சுவிட்சை நாகலெட்சுமி வீட்டுக்கே மாற்றித் தருகிறேன் என்றுகூடச் சொன்னான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு இறங்கிப் பேரம் பேசியதில்லை.

“ஒங்களக் குத்தம் சொல்லல தம்பி,” என்றாள் நாகலெட்சுமி. “அந்த லைட்ட நம்பித்தான் புள்ளைய அனுப்புனேன். ஒருத்தரு கேட்டா இன்னொருத்தரு அமத்திருவாங்கன்னா, அத நான் எப்புடி நம்புறது?”

“அம்மா, கடையோட மேல் மாடிய என் பொறுப்புல தாறேன்னு மொதலாளி சொல்லியிருக்காரும்மா.”

“கால் கழுவிட்டு உள்ள வா.”

மேட்டில் மிலான் மகிழ்ந்துபோயிருந்தான். இலங்கையில் இப்படி ஒரு இருட்டைப் பார்த்ததே இல்லை, அடுத்த அமாவாசைக்குப் பத்துப் பேரோடு வருகிறேன் என்றான். பார்க்கலாம் என்றான் கிளைவ்.

விடிந்ததும் அவன் ஆட்டோவைக் கீழே, பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தான். மேலே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் பழைய கொழுந்துக் கூடையோடு ஒருத்தி தலையைக் குனிந்து நின்றாள். பஸ் வந்தது. ஏற ஆளில்லாமலே கொஞ்சம் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி பாதையைப் பார்த்தார்.

“எங்கப்பா நம்ம துணிக்கடைப் புள்ள?”

கிளைவ் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.