வளைகாப்புக்குப் போர்த் தண்ணீர்

என் மனைவி மேகலாவின் வளைகாப்புச் சாப்பாட்டை நாசமாக்கியது நான்தான். கேன் தண்ணீர் மாடியில் இருந்தது. போர்வெல் குழாய் பக்கத்தில் இருந்தது. மாடிப்படி ஏறச் சோம்பல்பட்டு, அண்டா நிறைய போர்த் தண்ணீரைப் பிடித்துச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். சோறு பழுப்பு நிறத்தில் வெந்தது.

ஒரு வாய் வைத்த மாமியார் செண்பகம் ஓடிப்போய்த் துப்பினார்.

"எலுமிச்சை சாதத்துக்கு மஞ்சத்தூள் மிச்சம், அத்தே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னா வெளாட்டு மாப்ளே? இதையா எம்பொண்ணு தெனம் குடிக்கிறா?"

"சேச்சே, குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி. குளிக்க மட்டும்தான் இது."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

பந்தியில், நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பின் மானேஜர் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். அவர் ஜோக்குக்குச் சிரிப்பதும் என் வேலையில் சேர்த்தி. நேராக அவரிடம் போனேன்.

"இந்தத் தண்ணி எப்ப சார் சரியாகும்?"

"மழ கம்மிப்பா. நல்லா பேஞ்சா சரியாய்டும்."

"போன ஐப்பசியில ஒரே ராத்திரியில ஊரே முழுகுச்சே! நம்ம ஷாப் கழிவுத் தொட்டி ரொம்பி வழிஞ்சு, தெருக் கெணத்துல எறங்குச்சே! அப்ப கேட்டதுக்கு மழ ஜாஸ்தின்னீங்க."

"கிளைமேட்டே மாறிப்போச்சுப்பா. நாம இன்னா பண்றது?"

"தொட்டிக் கரைய ஒசத்துங்கன்னு கேட்டப்ப, அடுத்த வருசம் பாக்கலாம்னு சொன்னது கிளைமேட்டா சார்?"

குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவந்து நீட்டினேன். நீட்டிய வேகத்தில் பாதி அவர் வேட்டியில் கொட்டியது. வீரம் எனக்குப் பழக்கமில்லை.

"ஒரு மொடக்கு குடிங்க சார்!"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்."

மேகலாவைச் சோளிங்கருக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப்போக வேன் வந்தது. ஜன்னலோரம் நின்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். "சீக்கிரம் வந்துடு. நீ இல்லன்னா நானே சமைச்சிடுவேன்."

அவள் என்னையே பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நெசமாத்தான் கேக்கறேன். கொழந்தைய எடுத்துக்குனு எப்ப வருவே?"

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாம் மாப்ளே" என்றார் மாமியார்.

மேகலா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வர மாட்டேங்க. இந்த ஊர்ல என் கொழந்தைய வளக்க மாட்டேன். வேலைய வுட்டுட்டு நீங்கதான் வரணும்."