ஆல்ட்டோ வரிசை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்கே தெரியும். பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். கோபம் இல்லாவிட்டால் ஒருவரும் நேரத்துக்கு வரமாட்டார்கள்.

அன்று ஆலயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோ வரிசையில் நின்ற ஸ்வீட்லின் பாட்டுத்தாளை உயர்த்தினாள். சட்டையின் முழுக்கை நழுவி, மணிக்கட்டில் விரல் பதிந்து கன்றிப்போன தடம் தெரிந்தது. காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண். பெனோ என்ற பையனோடு பழகுகிறாள். பயிற்சி முடியும்வரை அவன் கேட்டுக்கு வெளியே பைக்கில் காத்திருப்பான். என்ன பாசம் பாரேன் என்று மெச்சிக்கொண்டவர்களும் உண்டு.

எனக்கு ரத்தம் கொதித்தது. பாட்டை நிறுத்தினேன். "வெளிய அங்கனதான நிக்கான்? அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டுதான் மறுவேலை."

வரிசையின் மூத்தவள் கரோலின் குறுக்கே வந்தாள். "டீச்சர், நீங்க ஏசினா அவன் பேசாமப் போயிருவான். நாளைக்கு இவளைத் தனியாப் பிடிச்சு அடிப்பான்."

"அப்போ பாத்துக்கிட்டே இருக்கணுமோ?"

"நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள்.

அப்புறம்தான் விவரம் சொன்னாள். நீண்ட சுரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக்கூடாது, ஒருத்தி வாங்கும்போது பக்கத்தில் நிற்பவள் இழுத்துப் பிடிக்கவேண்டும், கேட்பவர்களுக்கு இடைவெளியே தெரியக்கூடாது என்று நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் வீட்டிலிருந்து ஒருத்தி, வண்ணார்பேட்டையில் பஸ் மாறும்போது இன்னொருத்தி, வகுப்பில் வேறொருத்தி. அந்தத் தடம் விழுந்த நாளிலிருந்து ஸ்வீட்லின் தனியாக இருக்கும் நேரமே கிடையாது. அவள் அம்மாவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவைத்ததும் இவர்கள்தான். நான் அசந்துபோனேன். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது?

ஸ்வீட்லினின் போன் அடித்தது. "கூப்பிடுதான்," என்றாள். "இன்னைக்குச் சொல்லிருதேன் டீச்சர். நானேதான் சொல்லணும்."

அவள் நடந்தாள். ஆல்ட்டோ வரிசை பின்னாலேயே போனது. நான் யாருக்கும் சைகை காட்டவில்லை. மற்றப் பெண்களும் போனார்கள், ஆண்களும் போனார்கள். கேட்டருகே அவளுக்குப் பின்னால் வாய்திறக்காமல் நின்றோம்.

"இனிமே எனக்காக வராத பெனோ. போனும் பண்ணாத. முடிஞ்சுபோச்சு."

அவன் எங்களை ஒரு பார்வை பார்த்தான். "ஏட்டி, தனியாப் பேசத் தைரியமில்லாம ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியோ?"

"ஆமா," என்றாள் ஸ்வீட்லின். "தனியா இருந்தாத்தான நீ அடிப்ப."

அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே வந்ததும் ஸ்வீட்லினை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்த ஆலயத்தில் எத்தனையோ பண்டிகை ஆராதனை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப்போல எனக்கு மேல் சிலிர்த்ததில்லை.

கரோலின் பக்கத்தில் வந்தாள். "அவன் இத்தோட விடமாட்டான் டீச்சர். திங்கக்கிழமை காலையில பஸ்ஸுக்கு ஆள் இல்ல. எங்க எல்லாருக்கும் பரீட்சை."

அந்தப் பிள்ளைகள் முன்னால் நான் மாணவிபோலக் கையைத் தூக்கினேன்.

"நான் வாரேன்ட்டி. எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு."